முளைக்கணக்கு

ஆடி 2, ஞாயிற்றுக்கிழமை, 18.7.2021. தக்காளி 20 விதை. முளைத்தது 17. பிழைத்தது 0.

என் நோட்டின் முதல் வரி இது. எனக்கு வேலை ஒரு ஆடிட்டர் ஆபீசில். அடுத்தவர் வரவு செலவை எழுதியே இருபது வருடம் ஓடிவிட்டது. அந்தக் கைக்கு, தொட்டியில் விதை போட்டாலும் கோடு போட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. பாதி காலியாகக் கிடந்த பழைய லெட்ஜர் ஒன்றை எடுத்தேன். விதைத்த நாள், எத்தனை விதை, முளைத்த நாள், முளைத்தது, பிழைத்தது என்று ஐந்து பத்தி. குறிப்புக்கு ஆறாவதாக ஒன்று. நான் பண்ணின கூத்தெல்லாம் அந்த ஆறாவது பத்தியில் இருக்கிறது.

முதல் கூத்து அந்தப் பதினேழு தக்காளி. மதுரையில் ஆடி பிறந்தால் காற்று சுழற்றி அடிக்கும். மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அந்தக் காற்றில் நாற்றுத் தட்டை வைக்க மனசு வரவில்லை. அடுப்படியில் ஜன்னல் ஓரமாக வைத்துக்கொண்டேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்க்கலாம், ஒரு கை தண்ணீரும் தெளிக்கலாம். ஐந்தாம் நாள் முளை வந்தது. பத்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொன்றும் விரல் நீளம், வெளிறிப்போய், ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. வேகமாக வளர்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

அன்றைக்கு அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தை வந்திருந்தார். என் மாமியார். காப்பி டம்ளரோடு தட்டை எட்டிப் பார்த்தவர் கேட்டார்: "ஏத்தா, எந்தக் கோயிலுக்கு மொளப்பாரி போட்டுருக்க?"

முளைப்பாரி பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் பெண்கள் மண்சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு என்று நெருக்கமாகத் தூவி இருட்டறையில் வைத்துவிடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் விரதம் இருந்து தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சமே படாததால் பயிர் பச்சை கட்டாது. வெளிச்சத்தைத் தேடித் தேடி உயரமாக, வெளிர் மஞ்சளாக, தளதளவென்று எழும்பும். திருவிழா அன்று அதைத் தலையில் சுமந்து போய், கும்மி கொட்டி, கடைசியில் கண்மாயிலோ கிணற்றிலோ கரைப்பார்கள். அதன் அழகே அந்த நீளமும் மஞ்சளும்தான். என் தக்காளிக்கு வந்த நோயும் அதேதான்.

அத்தை கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அது பாடமாகப் போய்விட்டது. விதைக்குள் இருக்கும் சாப்பாடு மண்ணைத் தாண்டி வரும் வரைக்கும்தான். தலை வெளியே தெரிந்த அன்றே வெயில் வேண்டும். அதுவும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற வெளிச்சம் போதாது, நேர் வெயில். காலையில் இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போகலாம். காற்றைப் பார்த்துப் பயந்தேனே, அந்தக் காற்றும் வேண்டும். லேசாக ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

அன்று சாயந்திரமே தட்டை மாடிக்கு ஏற்றினேன். ஆனாலும் பதினேழும் போய்விட்டன. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி இளைத்து, ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டது. நாற்றழுகல். மண்ணில் இருக்கிற பூஞ்சை, ஈரம் காயாமல் இருந்தால் இளம் தண்டை அரித்துவிடும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் தெளித்த ஒரு கை தண்ணீரின் வேலை அது. போதாததற்கு, செத்துப்போன ஒரு ரோஜாத் தொட்டியின் மண்ணை அப்படியே கொட்டி நிரப்பியிருந்தேன்.

இப்போது நாற்றுக்குத் தனி மண் வைத்திருக்கிறேன். மண் என்று சொல்வதே தப்பு, அதில் மண்ணே கிடையாது. தேங்காய் நார்த்தூள் கட்டியை ஒரு ராத்திரி ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும். அதில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் இளம் வேர் கருகும். அதோடு சரிபாதி மண்புழு உரம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டக் கிட்டில் டிரைகோடெர்மா விரிடி என்று ஒரு பொடிப் பாக்கெட் இருக்கும், அதில் ஒரு ஸ்பூன். அது நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சையைத் தின்று வாழ்வது. காகிதக் கப்பில் அடியில் மூன்று ஓட்டை குத்தி இந்தக் கலவையை நிரப்பி, கப்புகளை ஒரு தாம்பாளத்தில் வைத்து, தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றுகிறேன். கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேல் மண் நனைந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு நோட்டில் "பிழைத்தது" பத்தியில் பூஜ்யம் அபூர்வமாகத்தான் வருகிறது.

மிளகாயில் இன்னொரு விஷயம் கற்றேன். 25 போட்டு 16 முளைத்தது. என் கையில்தான் ஏதோ குறை என்று ஒரு வாரம் வருத்தம். அப்புறம் ஆபீஸ் புத்தி வந்து பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தேன். விதைப் பாக்கெட்டில் முளைப்புத் திறன் எவ்வளவு, பரிசோதித்த தேதி என்ன, எதுவரை செல்லும் என்றெல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தபட்சம் 70 சதவீதம், மிளகாய்க்கு 60. அதாவது பத்து மிளகாய் விதையில் நான்கு முளைக்காமல் போனாலும் சட்டப்படி அது நல்ல விதை! என் 16 பாஸ் மார்க்குக்கு மேல். அதற்கு முன்னால் ஒரு கடையில் தேதி பார்க்காமல் வாங்கிய வெண்டை விதை, செல்லுபடியாகும் நாள் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்ததையும் அன்றுதான் கவனித்தேன். பத்துக்கு ஒன்று முளைத்த மர்மம் அப்படித் தீர்ந்தது. இன்றைக்கு எந்த விதை வாங்கினாலும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறேன், பழைய பில்லைப் பார்க்கிற மாதிரி.

கொத்தமல்லியைப் பற்றித் தனியாக ஒரு பக்கமே இருக்கிறது. மளிகைக்கடை மல்லிதான் போட்டேன். முழுசாகப் போட்டேன். ஐந்து நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் தோண்டிப் பார்த்தேன். ஏழாம் நாளும் தோண்டினேன். குறிப்புப் பத்தியில் "அவசரம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். நாம் மல்லி விதை என்று சொல்லும் அந்த உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. செய்தித்தாளில் பரப்பி, மேலே பூரிக்கட்டையை உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். அழுத்தினால் நொறுங்கிவிடும், ரசப்பொடிக்கு ஆகிவிடும். பிளந்ததை ஒரு ராத்திரி ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். இடையில் கையை வைக்கக்கூடாது.

இன்னொன்று, மல்லிக்கு மதுரைச் சித்திரை ஆகாது. நாலு இலை விட்டதும் இலை நூலாகி, பூத்துவிடும். வெயில் தாங்காமல் அவசரமாகக் குடும்பம் நடத்தி முடித்துவிடப் பார்க்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான் எங்கள் மாடியில் மல்லி. மற்ற மாதம் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே எங்கள் ஊர் அண்ணா நகரில் 1999 நவம்பரில் திறந்ததுதான். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடையில் மல்லியோடு மல்லுக்கட்டுவது வீண் பிடிவாதம்.

வெந்தயம் அதற்கு நேர் எதிர். மூன்றாம் நாள் முளைத்துவிடும், மூன்று வாரத்தில் கீரை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதில் ஆரம்பிக்கலாம். புதினாவுக்கு விதை தேடி அலைய வேண்டாம். சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டிலிருந்து ஒரு காம்பை ஒடித்துத் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். அதனால் அது என் நோட்டிலும் இல்லை. சர்பத்துக்கு வாங்கி மிஞ்சிய சப்ஜா விதையைச் சும்மா ஈர மண் மேல் தூவிப் பார்த்தேன். விதையைச் சுற்றி வழவழவென்று கூழ் கட்டி, மண்ணை மூடாமலே நாலாம் நாள் முளைத்தது. திருநீற்றுப்பச்சிலை. துவைத்த துணியோடு அதை உரசிக்கொண்டு போனால் புடவையெல்லாம் வாசனை.

கீரை விதை எறும்புக்கு. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மாடியில் செடி வளர்க்கிற பையில், மணலோடு கலந்து முளைக்கீரை விதையைத் தூவிவிட்டுக் கீழே வந்தேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் பையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு எறும்பின் வாயிலும் பளபளவென்று கறுப்பாக ஒரு புள்ளி. மருந்து வைக்கலாமா என்று இவர் கேட்டார். அத்தை விடவில்லை. பையைச் சுற்றிப் பச்சரிசி மாவில் பட்டையாக ஒரு கோலம் இழுத்தார். "அதுக்குப் பசிக்கி, அது எடுக்குது. மாவைத் தின்னுட்டுப் போகட்டும்." எறும்பு நிஜமாகவே மாவுக்கு மாறியது. ஆனால் மாவு தீர்ந்ததும் திரும்பி வந்தது. அதனால் விதைத்ததிலிருந்து நாலு நாளைக்குத் தினமும் கோலம். நாலு நாளில் கீரை முளைத்துவிடும். அப்புறம் எறும்புக்கு அதில் அக்கறை இல்லை. என் ஆபீஸ் பாஷையில் இது தவிர்க்க முடியாத செலவு.

பூவுக்கு வருகிறேன். 2021 ஆயுத பூஜைக்குக் கதவில் கட்டிய செண்டுமல்லி மாலை காய்ந்து தொங்கியது. குப்பையில் போடப் போனேன். அத்தை வாங்கி, பூவைப் பிய்த்து, இதழுக்கு அடியில் இருக்கிற ஊசியை மட்டும் உருவி எடுத்தார். கறுப்பாக, கெட்டியாக இருப்பதுதான் விதை. வெளுத்து மெலிந்தது வெறும் சக்கை. மாலைக்குப் பூவை இளசாகப் பறித்துவிடுவதால் பாதிக்கு மேல் சக்கைதான். இருந்தாலும் ஒரு மாலையில் 40 தேறியது. 29 முளைத்தது. குறிப்புப் பத்தியில் நான் முதல்முறையாக "விதைச் செலவு இல்லை" என்று எழுதினேன். அந்தத் தை மாதம் எங்கள் வாசல்படிக்கு எங்கள் மாடிப் பூ.

சங்குப்பூ விதையின் தோல் கல்லு. உப்புத்தாளில் ஒரு பக்கம் மெல்லத் தேய்த்து, ராத்திரி ஊறவைத்தால் ஊறி உப்பும். தேய்க்காததை ஊறவைத்தால் காலையில் போட்டது போட்டபடி கிடக்கும். காசித்தும்பைக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. காய் முற்றியதும் தொட்டால் வெடித்துப் பக்கத்துத் தொட்டியெல்லாம் அதுவே விதைத்துவிடும். என் மகள் அதை வெடிக்க வைப்பதற்காகவே மாடிக்கு வருவாள். எனக்கு எண்ணிக்கை போய்விடுகிறதே என்று கோபம். மதுரையில் இருந்துகொண்டு மல்லிகையை எழுதாமல் விட்டால் எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் மாடியில் மல்லிகை இருக்கிறது, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மதுரை மல்லி. ஆனால் அது விதையில் வருவதில்லை. பதியன்தான். மதுரைக்காரர்கள் நடும் மல்லிகைப் பதியன் பலவும் ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து வருவது. கடல் மணலில் வேர் பிடித்துவிட்டு இங்கே வந்து பெயர் வாங்குகிறது.

பீர்க்கு கதை கொஞ்சம் நீளம். 2022 ஆடியில் போட்டது. ராத்திரி ஊறவைத்த ஆறு விதை, ஆறும் முளைத்தது. என் நோட்டில் முதல் நூற்றுக்கு நூறு. இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட்டேன். கொடி கம்பியில் ஏறி மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. இரண்டு வாரம் பூத்துப் பூத்துக் கொட்டியது. ஒரு பிஞ்சு இல்லை. உரம் போட்டேன், மோர் தெளித்தேன், திட்டினேன். விஷயம் என்னவென்றால் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பெண் பூ பிறகுதான் வரும், பூவுக்கு அடியில் குட்டிப் பீர்க்கங்காய் ஒட்டிக்கொண்டு. அது வந்த பிறகும் பிஞ்சு பழுத்து உதிர்ந்தது. மாடியில் தேனீ வரத்து குறைவு. பீர்க்கு பூப்பதோ சாயந்திரம். நான் ஆபீஸ் விட்டு வர ஆறரை ஆகும். கைப்பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடி, செல்போன் வெளிச்சத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டுப் பெண் பூவின் நடுவில் தொட்டு எடுப்பேன்.

கீழேயிருந்து இவர் குரல் கொடுப்பார்: "என்ன, ஆடிட் முடிஞ்சிருச்சா?"

அந்த வருடம் பதினோரு காய். இரண்டை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தேன், ஒன்றை முற்ற விட்டேன். மீதி எட்டும் துவையல், கூட்டு. தோலைக்கூட விடவில்லை.

முற்ற விட்டது விதைக்கு. வாங்கிய விதையை விட, நம் செடியில் எடுத்த விதைக்குக் கணக்குப் போடுவதில் தனி சுகம். ஆனால் ஹைபிரிட் காயில் எடுத்த விதை தாயைப் போல வராது, ஒன்று ஒன்றாகத் தாத்தா பாட்டியை எல்லாம் காட்டும். நான் தக்காளியில் பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தின் பிகேஎம் 1 ரகத்தைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அது ஹைபிரிட் இல்லை, எடுத்துப் போட்டால் அதுவே வரும். தக்காளி விதையைச் சுற்றி ஒரு வழவழப்பு இருக்கும், அது முளைக்க விடாது. சாறோடு ஒரு டம்ளரில் இரண்டு நாள் புளிக்க விட்டு, அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். அந்த டம்ளரை இவர் ரசம் என்று நினைத்து மோந்து பார்த்தது ஆறாவது பத்தியில் தேதியோடு இருக்கிறது. கத்தரிக்காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு விதை எடுத்தேன். சாம்பலில் புரட்டி வைத்தார் அத்தை. சுரை, பாகல் விதைகளை அவர் ஊரில் சாணியில் பதித்துச் சுவரில் தட்டிவிடுவார்களாம். அடுத்த பட்டத்துக்கு வறட்டியை உடைத்தால் பூச்சி படாத விதை. எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் சாணி தட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டு, நான் சாம்பலோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டு ஓனரம்மா ஏற்கெனவே ஒருமுறை படியேறி வந்தவர். கூரையில் ஈரத் திட்டு தெரிகிறது, உங்கள் பைதான் காரணம் என்றார். எல்லாப் பையையும் செங்கல் மேல் ஏற்றினேன், அடியில் தட்டு வைத்தேன், கைப்பிடிச் சுவர் ஓரமாக, தூண் இருக்கிற பக்கமாகத் தள்ளினேன். நனைந்த பையின் எடை சும்மா இல்லை. பிறகு பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கசிவு. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பீர்க்கங்காய் கொடுத்தேன். அண்ணன் வீட்டுக் கணக்கில் இரண்டு என்று எழுதியிருந்ததைத் திருத்த வேண்டியதாயிற்று.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதுதான். முதல் வருடம் பை, நார்த்தூள், உரம், நிழல்வலை எல்லாம் சேர்த்து 4,860 ரூபாய். விளைந்ததை உழவர் சந்தை விலையில் போட்டால் 1,310. இரண்டாம் வருடம் செலவு 1,200-க்குள் அடங்கியது, வரவு 2,000-ஐத் தொட்டது. மூன்றாம் வருடம் அக்னி நட்சத்திரத்தில் பைகள் கைப்பிடி கைப்பிடியாகக் கிழிந்தன. தேய்மானம். என் உழைப்புக்குக் கூலி போடவில்லை. போட்டால் நோட்டை மூடிவிட வேண்டியதுதான்.

இந்தப் பங்குனியில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு முளைப்பாரி உண்டு. ஒவ்வொரு வருடமும் அத்தை போடுவார். இந்த வருடம் முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. "நீதான் வெதையோட பேசுறவளாச்சே, நீயே போடு" என்று சொல்லிவிட்டார். ஆபீசில் லீவு கேட்டேன். மார்ச் கடைசியில் ஆடிட்டர் ஆபீசில் லீவு கேட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஊர் வீட்டின் நெல் போடும் உள்ளறை. ஜன்னல் இல்லை, கதவிடுக்கில் சாக்கு அடைத்திருந்தது. சட்டியில் எருவைப் பரப்பிவிட்டு, ஊறின மொச்சையைப் போட்டேன். மூன்று வருடமாக முளைக்கு வெளிச்சம் காட்டு, வெளிச்சம் காட்டு என்று படித்தவள், பொட்டு வெளிச்சம் இல்லாமல் கதவைச் சாத்தினேன். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிக்கப் போனபோது இருட்டில் கையால் தடவித்தான் பார்த்தேன். நுனி நுனியாகத் தட்டுப்பட்டது. பழக்க தோஷத்தில் வாய் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துவிட்டது.

வெளியே கட்டிலில் இருந்து அத்தையின் குரல்: "எண்ணாதத்தா. எண்ணப்படாது."

பங்குனிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. தேதி இருக்கிறது, "மொச்சை, 1 சட்டி" என்று இருக்கிறது. மற்ற பத்தியெல்லாம் காலி.